கோப்புக்கு ஒரு வில்லங்கச் சான்று

விண்டோஸில் டாட்நெட் நிரல் எழுதுகிறவர்களுக்கு எம்எஸ்பி3027 என்ற எண்ணை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பில்ட் ஓடி முடியப்போகிற நேரத்தில், வேறொரு புராசஸ் இந்தக் கோப்பைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். வழக்கமான வைத்தியமும் எல்லோருக்கும் தெரியும். விஷுவல் ஸ்டூடியோவை மூடித் திறப்பது, பின், ஆப்ஜ் என்ற இரண்டு ஃபோல்டர்களையும் அழிப்பது, அதற்கும் மசியவில்லை என்றால் கணினியையே ரீஸ்டார்ட் செய்வது. பல நேரம் இது பலித்துவிடுகிறது. பலித்துவிடுவதால்தான் யாரும் காரணம் கேட்பதில்லை. யார் அந்த வேறொரு புராசஸ், கோப்பைப் பூட்டும் உரிமையை அதற்குக் கொடுத்தது யார் என்று தேடிப் போனதில், இதைப் பில்டின் கோளாறு என்று சொல்வதே தவறு என்ற முடிவுக்குத்தான் என்னால் வர முடிந்தது. கணக்குப் பேரேடுகளைக் காப்பதற்காக நாற்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒரு விதி, தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அந்த விதி கனவிலும் நினைத்திராத இடத்தில் அதை மாட்டிவைத்தது, பிற்காலத்தில் வேகத்துக்கு ஆசைப்பட்ட நம் கருவிகள்.

முதலில் பிழைச் செய்தியையே கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். 3027-க்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் எம்எஸ்பி3026 என்ற எச்சரிக்கை வரிசையாக வந்திருக்கும். ஆப்ஜ் ஃபோல்டரில் இருக்கும் கோப்பைப் பின் ஃபோல்டருக்கு நகலெடுக்க முடியவில்லை, 1000 மில்லிசெகண்டில் மறுபடி முயல்கிறேன் என்பது அதன் சாரம். பத்து முறை முயன்று பார்த்துவிட்டுத்தான் எம்எஸ்பில்ட் கையை விரிக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், கம்பைலர் ஆப்ஜுக்குள் எழுதி முடித்துவிட்டது. நம் நிரலில் தப்பில்லை, புது டிஎல்எல் முழுசாகத் தயாராக இருக்கிறது. தடை வந்தது கடைசிப் படியான நகலெடுப்பில் மட்டும். கம்பைல் ஆகவில்லை என்று இதைச் சொல்வது, பத்திரம் எழுதி முடித்த பிறகு வீட்டில் பழைய குடித்தனக்காரர் இருப்பதைப் பார்த்துவிட்டு, பத்திரமே செல்லாது என்று சொல்வதைப் போன்றது.

அந்தத் தடைக்கு ஓர் எண் உண்டு. டாட்நெட்டில் பிழையின் எச்-ரிசல்ட்டைப் பார்த்தால் 80070020 என்று இருக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் பதினாறடி எண்முறையில் எழுதப்பட்டவை. நம் கணக்கில் அது 32. விண்டோஸின் பிழைப் பட்டியலில் 32 என்றால் பகிர்வு மீறல். இந்த 32-ஐப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால் விண்டோஸையே தாண்டிப் போய்விடுகிறோம். 1984 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி ஏடி வெளிவந்தபோது கூடவே வந்த டாஸ் 3.0-இல் அதே 32 அதே பொருளில் இருக்கிறது. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பூட்டுவதால் வரும் 33-உம் அப்படியே இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த டாஸ் 2.0-இல் ஒரு கோப்பைத் திறக்கும்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான்: படிக்கவா, எழுதவா, இரண்டுக்குமா. மற்றவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை, ஏனென்றால் மற்றவர்களே கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். எடிட்டரை மூடினால்தான் கம்பைலர். அது முடிந்தால்தான் லிங்கர். அதன் பிறகே நம் நிரல். இந்த வரிசையில் பில்டுக்குப் பூட்டுத் தகராறு வருவதற்கு வழியே இல்லை. டாஸ் 3.0 வலைப்பின்னலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஒரே கோப்பை இரண்டு மேசையிலிருந்து இரண்டு பேர் திறக்கப்போகிறார்கள். ஆகவே திறப்புக் குறியீட்டின் அதே பைட்டில் மூன்று பிட்களை ஒதுக்கி, மற்றவர்களுக்கு எதை மறுக்கிறாய் என்ற கேள்வியைச் சேர்த்தார்கள். விதியைக் காவல் காக்க ஷேர் என்ற தனி நிரலை ஏற்ற வேண்டும். சும்மா ஏற்றினால் அது இருபது பூட்டுகளுக்குத்தான் இடம் வைத்திருக்கும். கிடங்கு இருப்பும் கணக்குப் பதிவும் கலைந்துவிடாமல் இருக்க அது போதுமானதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

1993-இல் வந்த விண்டோஸ் என்டி இந்த விதியை இயங்குதளத்தின் அடிப்படையிலேயே வைத்தது. கோப்பைத் திறக்கிறவர் இரண்டைச் சொல்ல வேண்டும்: நான் என்ன செய்யப்போகிறேன், நான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் என்ன செய்யலாம். இரண்டாவதில் பூஜ்யம் போட்டால் யாருக்கும் பங்கில்லை என்று பொருள். பின்னால் வருகிறவரின் கோரிக்கை, முன்னால் வந்தவர் அனுமதித்ததற்குள் அடங்க வேண்டும். அழிக்கும் அனுமதியும் தனியாகக் கொடுக்கப்பட்டால்தான் உண்டு. என்டியை வடிவமைத்த குழுவின் தலைவர் டேவ் கட்லர், டெக் நிறுவனத்தின் விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். விஎம்எஸ்ஸிலும் பகிர்வு விதிகள் இருந்தன. ஆனால் அங்கே ஒவ்வொரு கோப்புப் பெயருக்குப் பின்னாலும் ஒரு பதிப்பு எண் இருக்கும். லிங்கர் மறுபடி எழுதினால் எண் 2 பிறக்கும். எண் 1 தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். என்டிக்கு வந்தபோது பூட்டு வந்தது, பதிப்பு எண் வரவில்லை. பில்டைப் பொறுத்தவரை அந்த ஒன்று விடுபட்டதே பெரிய இழப்பு என்பது என் கணிப்பு.

லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லையே, ஆகவே இது விண்டோஸின் பிழைதானே என்று இந்த இடத்தில் கேட்பார்கள். பாதி நியாயமான கேள்விதான். லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸைப் பற்றி 1974-இல் வெளியான கட்டுரையில், அதை உருவாக்கிய ரிச்சியும் தாம்ப்சனும், பயனாளர் கண்ணுக்குத் தெரியும் கோப்புப் பூட்டுகள் தங்கள் சூழலுக்கு அவசியமும் இல்லை, போதுமானவையும் இல்லை என்று வெளிப்படையாகவே வாதிட்டார்கள். அங்கே பெயர் வேறு, கோப்பு வேறு. பெயரை நீக்கினாலும், திறந்து வைத்திருப்பவர் விடும்வரை கோப்பு உயிரோடு இருக்கும். அப்படியும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேலேயே எழுதப் போனால் லினக்ஸும் கோப்பு வேலையில் இருக்கிறது என்று மறுக்கும். அதற்கு அங்கே எண் 26. காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஓடும் நிரலின் பக்கங்கள் தேவைப்படும்போது வட்டிலிருந்து மறுபடி படிக்கப்படுகின்றன. நடுவில் கோப்பு மாறினால் பாதி பழைய கட்டளையும் பாதி புதுக் கட்டளையுமாக ஓடும். க்னூ லிங்கர் தப்பிப்பது பழைய கோப்பை முதலில் நீக்கிவிட்டுப் புதிதாக எழுதுவதால். விண்டோஸிலும் ஓடும் எக்ஸ்இ-யின் பெயரை மாற்ற முடியும். அதைத் தள்ளிவைத்துவிட்டுப் புதியதை அந்தப் பெயரில் வைக்கலாம். பெயரை நீக்கினாலும் கோப்பு உயிரோடு இருக்கும் வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. லினக்ஸ் சர்வரில் லைப்ரரியைப் புதுப்பித்த பிறகும், வட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய லைப்ரரியை வைத்துக்கொண்டே புராசஸ்கள் நாள்கணக்கில் ஓடும். எதை மறுபடி தொடங்க வேண்டும் என்று கண்டுபிடிக்க டெபியனில் தனிக் கருவியே உண்டு. திருத்திய நிரல் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டு பழையதை டீபக் செய்வதைவிட, முகத்துக்கு நேரே மறுக்கும் பூட்டு எனக்கு நாணயமானதாகத் தெரிகிறது.

சரி, பூட்டியவர் யார்? எய்தவன் இருக்க அம்பை நோவது போல எம்எஸ்பில்டைத் திட்டுகிறோம்; எய்தவரைத் தேடினால் பெரும்பாலும் நம் வீட்டு ஆட்களே அகப்படுகிறார்கள். முதல் சந்தேகம் நம் நிரல்மேல்தான் போக வேண்டும்: சாளரத்தை மூடியும் சாகாமல் பின்னால் ஓடுகிற பழைய பிரதி, அல்லது டெஸ்ட்களை ஓட்டப் போய்ப் பாதியில் தொங்கி நிற்கும் டெஸ்ட்ஹோஸ்ட். அடுத்து, வேகத்துக்காக உயிரோடு வைத்திருக்கப்படும் புராசஸ்கள். விஷுவல் ஸ்டூடியோ 2005-இல் விஎஸ்ஹோஸ்ட் என்றொரு துணை நிரல் வந்தது. டீபக் சீக்கிரம் தொடங்குவதற்காக அது எப்போதும் தயாராக நிற்கும், கோப்பையும் பிடித்துக்கொண்டிருக்கும். 2017 பதிப்பில்தான் எடுத்தார்கள். எம்எஸ்பில்டின் துணைப் புராசஸ்கள் பில்ட் முடிந்து 15 நிமிடம் வரை காத்திருக்கும். நாமே எழுதிய பில்ட் டாஸ்க்கின் டிஎல்எல்லை அவை ஏற்றியிருந்தால், அடுத்த பில்ட் அதே டிஎல்எல்லை எழுத முடியாது. ஜாவா பக்கம் கிரேடில் டீமன் மூன்று மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் போகும். ஒவ்வொன்றும் சில விநாடிகளை மிச்சம் பிடிக்க வைத்த ஏற்பாடு. 1984-இன் விதிக்கு, பில்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாத கம்பைலர் என்ற ஒன்றே தெரியாது.

எல்லாம் ஆன்டிவைரஸின் வேலை என்பவர்களும் இருக்கிறார்கள். புதிதாக எழுதப்பட்ட எக்ஸ்இ-யை அது உடனே திறந்து பார்க்கிறது, உண்மை. 2023-இல் விண்டோஸ் 11-இல் டெவ் டிரைவ் கொண்டுவந்து, அங்கே டிஃபெண்டரின் சோதனையைப் பின்னால் தள்ளிப்போட வழி செய்ததே இந்தக் குறைக்கு ஒரு ஒப்புதல். ஆனால் அந்தப் பிடி பெரும்பாலும் சில நொடிகள்தான். பத்து முறை முயல்வது போதும். பத்து நொடிக்குப் பிறகும் விடாதவரை ஆன்டிவைரஸ் கணக்கில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டால், உண்மையான ஆள் தப்பிவிடுவார். பில்ட் ஒரு முறை தேறி ஒரு முறை விழுந்தால், இரண்டு புராஜெக்ட்கள் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் எழுதுகின்றனவா என்று பாருங்கள். அது பூட்டின் குற்றமில்லை, பில்டின் அமைப்பிலேயே இருக்கும் ஓட்டை. பூட்டு இல்லாவிட்டால் யார் கடைசியில் எழுதினார்களோ அவர்களுடைய டிஎல்எல் சத்தமில்லாமல் வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்கும்.

நிலம் வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. கோப்புக்கும் அந்தச் சான்று கிடைக்கிறது. புதிய எம்எஸ்பில்ட் பல நேரம் பிழைச் செய்தியின் கடைசியிலேயே பூட்டியவரின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் புராசஸ் எண்ணையும் அச்சிடுகிறது. இல்லையென்றால் ரிசோர்ஸ் மானிட்டரின் சிபியு பக்கத்தில் கோப்பின் பெயரைத் தட்டலாம், புராசஸ் எக்ஸ்புளோரரில் தேடலாம், பவர்டாய்ஸ் இருந்தால் கோப்பின்மேல் வலது கிளிக் போதும். துணைப் புராசஸ் என்று தெரிந்தால் ‘டாட்நெட் பில்ட்-சர்வர் ஷட்டவுன்’ என்ற ஒரு கட்டளை. ஐஐஎஸ்ஸில் ஓடும் தளம் என்றால் ஆப்_ஆஃப்லைன் என்ற பெயரில் ஒரு எச்டிஎம் கோப்பை அதன் ஃபோல்டரில் வைத்தால் பிடியை விட்டுவிடும். ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை ஒரு முறை படித்துவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் அந்த எண்ணும் சேர்ந்து போய்விடும்.