அப்பாவின் கைக்கணக்கு

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் அப்பா கணக்குப்பிள்ளை. மூட்டையின் காதைப் பிடித்து ஒரு சாண் தூக்கியே எடை சொல்லிவிடுவார். தராசில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அதுவே இருக்கும். 1998இல் நான் மெல்பர்னுக்குப் புறப்பட்டபோது என் பெட்டியையும் அப்படித்தான் தூக்கினார். 20 கிலோதான் அனுமதி.

"பத்தொம்பதரை இருக்கும் தம்பி. காலையில கயிறு கட்டிக்கலாம்."

தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து 'ராஜூலா' கப்பலில் பினாங்கு போனவர். படகில் ஏற்றி நடுக்கடலில் கப்பலுக்கு மாற்றிய அவருடைய தகரப் பெட்டியைப் பற்றி ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிலோக் கணக்கு அந்தக் கதையில் வராது.

வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு மீட்டர்கேஜ் ரயில், அங்கிருந்து கம்பன் எக்ஸ்பிரஸ், எழும்பூரில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம். பெட்டிக்குச் சக்கரம் கிடையாது. நைலான் கயிறு விரலை அறுக்க, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியேறினோம். ஏழெட்டுப் படிக்கு ஒருமுறை கை மாற்றினோம். அப்பா ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். கயிறு பதிந்த இடம் வெளுத்திருந்தது.

விமான நிலையத்தில் முள் 24இல் நின்றது. தரையிலேயே கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தேன். புத்தகங்களைத் தோள்பைக்கு மாற்றினேன். அப்படியும் கூடுதல். கைக்குக் கிடைத்த துணிப்பையை எடுத்துக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு ஓடினேன். உள்ளே கல்லுப்பு. 1930 ஏப்ரல் 30இல் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதான அதே அகஸ்தியம்பள்ளி உப்பு.

"24 காட்டுதுப்பா."

அவர் பையை வாங்கிக்கொண்டார். "உப்பு எந்த ஊர்லயும் கிடைக்கும், நீ போ" என்றார். பிறகு, "அவ்வளவு தப்பாவா சொல்லிட்டேன்?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை.

சிங்கப்பூரில் விமானம் மாறி, தோள் கழன்றுவிடும்போல் இறங்கினேன். சோதனையில் கருவாடு குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. ஊறுகாயை விட்டார்கள்.

அதன் பிறகு அப்பா என் பெட்டியைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. நான் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் மளிகைக்கடையில் வில்தராசு இரவல் வாங்கி வந்து என்னிடம் கொடுத்துவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். 2011இல் அவர் போய்விட்டார்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல். நான் வந்து சேர்ந்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை, கொல்லை மாமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது, உப்பளப் பாத்திகளைச் சேறு மூடியிருந்தது. அடுப்படியை ஒதுக்கும்போது ஒரு ஊறுகாய் ஜாடி உடையாமல் கிடைத்தது. மூடியைத் திறந்தேன். பாதிவரை உப்புத் தண்ணீர், அடியில் துணி.

"அப்பா திருப்பிக் கொண்டாந்தது. அடுத்த தடவை கொடுத்து விடலாம்னு வச்சேன். ஒவ்வொரு தடவையும் பொட்டி நெறைஞ்சிடும்" என்றாள் அம்மா. ஜாடியைத் துடைத்தபடியே சொன்னாள். "அவரு தூங்கினப்புறம் நாந்தான் பொட்டியத் தொறந்து வச்சேன். ஊறுகா ரெண்டு கிலோ, கருவாடு ஒரு கிலோ, இது ஒண்ணரை. திட்டுவாருன்னு கடைசிவரைக்கும் சொல்லல."

நாலரை. 24இல் நாலரை போனால் பத்தொன்பதரை.