ஆள்காட்டி கத்தினால்

பணி ஓய்வுக்குப் பிறகு கேமரா வாங்கியவர்களில் நானும் ஒருவன். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. காலை ஆறு மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் நிற்பேன். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், படம் வெளுத்துவிடும்.

இந்தப் பருவத்தில் பறவைகளும் பூக்கின்றன என்பேன். வெள்ளையாக இருந்த உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகும். மண்ணோடு மண்ணாக நின்ற மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகும். கரையில் புங்கம்பூ பொரி கொட்டியதுபோலக் கிடக்கும். சரக்கொன்றை சரம் சரமாகத் தொங்கும். கொக்கின் வெள்ளைக்கும் கொன்றையின் மஞ்சளுக்கும் ஒரே வைத்தியம்தான்: எக்ஸ்போஷரை ஒரு படி குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறகும் தெரியாது, இதழும் தெரியாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பூவை மூக்கு உரசும் தூரத்தில் போய் எடுக்கலாம். பறவையை அப்படி எடுக்கக் கூடாது, முக்கியமாக முட்டையிட்டிருக்கும்போது.

சென்ற சித்திரையில் பேரனைக் கூட்டிப் போனேன். கிளம்பவே தாமதம், ஒன்பது மணி வெயில். நீர் வற்றிய ஒரு சரளைத் திட்டில் ஆள்காட்டி முட்டையிட்டிருந்தது. கூடு என்று எதுவும் கிடையாது. சின்னப் பள்ளம், அதில் கூழாங்கல் போலப் புள்ளி போட்ட நான்கு முட்டைகள். பறவை எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது.

"தாத்தா, கிட்டப் போய் ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வந்துடறேன்" என்றான்.

"வேண்டாம்டா கண்ணா. அது உட்காருறது முட்டைக்குச் சூடு கொடுக்க மட்டுமில்ல, இந்த வெயில்ல நிழல் கொடுக்கவும்தான். வயித்தைத் தண்ணியில நனைச்சுக்கிட்டு வந்து உட்காரும். நாம நிக்கிற வரைக்கும் அது இறங்காது. முட்டை காய்ஞ்சுகிட்டே இருக்கும். காக்கா வேற பாத்துக்கிட்டிருக்கு."

பின்வாங்கிக் கரையில் புங்க மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் பறவை இறங்கியது. தண்ணீருக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து வந்து முட்டைமேல் அமர்ந்தது. பேரன் எடுத்த படத்தில் அது கட்டைவிரல் அளவுதான். பெரிதாக்கினால் அடிவயிற்றின் ஈரம் தெரிகிறது. கிட்டப் போயிருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது.

ஏரிக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆள்காட்டி தலைக்கு மேல் கத்தினால், காலடியைப் பார்த்து வந்த வழியே திரும்புங்கள். கேமராவைக் கொன்றைப் பக்கம் திருப்புங்கள். அது எவ்வளவு கிட்டப் போனாலும் கத்தாது.