ரெண்டாவது ஆள்

ஏலம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆபீஸில் ஏலச்சீட்டு கட்டாத ஆசாமி உண்டா, சொல்லுங்கள்!

ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு. இருபது பேர். மாசம் பிறந்தால் லஞ்ச் டயத்தில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஓரமாகக் கூடுவோம். ஜனவரியில் யாருக்கும் பெரிதாகப் பணமுடை இருக்காது. ஒருத்தர் மட்டும் தயங்கித் தயங்கி, “மூவாயிரம் தள்ளி எடுத்துக்கறேன்” என்பார். மற்றவர்கள் தயிர் சாதத்தில் கவனமாக இருப்பார்கள். முடிந்தது ஏலம்.

அதே சீட்டை ஜூன் மாசம் வந்து பாருங்கள். ஒருத்தருக்குப் பையன் ஸ்கூல் ஃபீஸ். இன்னொருத்தருக்கு மச்சினி கல்யாணம். “அஞ்சு!” “ஏழு!” “எட்டு!” “பத்துய்யா, எழுதிக்க!” டிபன் பாக்ஸை மூடிவிட்டு வேடிக்கை பார்ப்போம்.

சீட்டு அதே சீட்டு. ஆட்களும் அதே ஆட்கள். தள்ளு மட்டும் மூன்று மடங்கு ஏறிவிட்டது. காரணம், ஜூனில் ரெண்டாவதாக ஒருத்தர் இருந்தார். ஜனவரியில் இல்லை.

இன்டர்நெட் ஏலத்தின் சூட்சுமமும் இவ்வளவுதான். இதை எனக்குப் புரிய வைத்தது 2006-ம் வருஷமும், அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த என் பெரியப்பாவின் லேத் பட்டறையும்.

எஸ்டேட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1960-களில் அரசாங்கம் ஆரம்பித்த தொழிற்பேட்டை. பெரிய கம்பெனிகளைப் பற்றிப் பேப்பரில் வரும். அந்தப் பெரிய கம்பெனிகளுக்கு புஷ், பின், ஷாஃப்ட் என்று கடைந்து கொடுக்கிற சின்னப் பட்டறைகள் சந்துக்குச் சந்து உண்டு. அவற்றைப் பற்றி எதிலும் வராது. பெரியப்பாவுடையது அப்படி ஒன்று. ஒரு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு டர்னர், ஒரு ஹெல்ப்பர். மூணாவது ஆள் பெரியப்பாவே.

கண்ணில் கேட்டராக்ட். முட்டியில் வலி. ஆர்டர்களும் கம்ப்யூட்டர் மெஷின் வைத்திருப்பவர்கள் பக்கம் போய்விட்டன. “மூடிடலாம்டா” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடவே ஒரு பேப்பரை நீட்டினார். டர்னர் அண்ணனுக்குச் சம்பளம் 6,500. சர்வீஸ் 19 வருஷம். ஹெல்ப்பருக்கு 3,900. எட்டு வருஷம். கிராஜுவிட்டி கணக்கு போட்டுத் தரவேண்டுமாம்.

நான் அப்போது பக்கத்துக் கம்பெனியில் பில்லிங் கிளார்க். சட்டம் பேசுகிற வயசு. “பெரியப்பா, 1972-ம் வருஷத்து கிராஜுவிட்டி சட்டம் பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்துக்குத்தான். உங்களுக்கு அது பொருந்தாது” என்றேன்.

“சட்டத்துக்குப் பொருந்தாதுன்னா எனக்கும் பொருந்தாதா? கணக்கைப் போடு.”

போட்டேன். இருபத்தாறு நாளால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, வருஷத்தால் பெருக்கினால் டர்னர் அண்ணனுக்கு 71,250. ஹெல்ப்பருக்கு 18,000. ஆக மொத்தம் 89,250 ரூபாய். லேத்தும் ட்ரில்லிங் மெஷினும் 62,000-க்குப் போயின. பாக்கி 27,250.

மிச்சம் இருந்தது ஒரு அலமாரி நிறைய சாமான். மைக்ரோமீட்டர், வெர்னியர், ஹைட் கேஜ், டயல் கேஜ், ஸ்லிப் கேஜ் பெட்டி, லேத் சக், பெஞ்ச் வைஸ். காயலான் கடைக்காரர் வந்தார். ஒரு பார்வை பார்த்தார். “கிலோ பதினேழு ரூபா சார். எல்லாம் சேர்த்து எரநூறு கிலோ வரும். 3,400 வாங்கிக்கங்க.”

ஸ்லிப் கேஜ் பெட்டியைக் காட்டி, “இது தனி” என்றார் பெரியப்பா.

“இதுவும் இரும்புதானே சார்? ரெண்டு கிலோ. முப்பத்து நாலு ரூபா.”

ஸ்லிப் கேஜ் என்பது பளபளவென்று தேய்த்த சின்னச் சின்ன எஃகுக் கட்டைகள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்காகச் செய்தவை. மற்ற அளவுக் கருவிகள் சரியா என்று பார்ப்பதே இதை வைத்துத்தான். அதை பெரியப்பா கை ரேகை படாமல் துணியால்தான் தொடுவார். முப்பத்து நாலு ரூபாய் என்றதும் பதிலே பேசாமல் அலமாரியைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டார்.

காயலான் கடைக்காரர் மேல் தப்பில்லை. அவர் ஒரே ஆள். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் அவர் சொல்வதுதான் விலை.

அந்த ரெண்டாவது ஆளைத் தேடித்தான் அம்பத்தூர் ஓ.டி.யில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். 2000-ல் மும்பையில் பாஸீ டாட் காம் என்று ஒரு ஏல சைட் ஆரம்பித்தார்கள். 2004-ல் அமெரிக்காவின் ஈபே அதைச் சுமார் அஞ்சு கோடி டாலருக்கு வாங்கி, பிற்பாடு தன் பெயரையே வைத்தது. அந்த ஈபே பிறந்த கதையே நம் கதைக்குப் பொருத்தம். 1995-ல் பியர் ஒமிட்யார் என்கிற புரோகிராமர் அந்த சைட்டை ஆரம்பித்தபோது, அதில் முதலில் விற்றது ஓர் உடைந்துபோன லேசர் பாயின்டர். விலை 14 டாலர் 83 சென்ட். “ஐயா, அது வேலை செய்யாதே, தெரியுமில்ல?” என்று ஒமிட்யார் கேட்டதற்கு, உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேர்ப்பதுதான் தன் பொழுதுபோக்கு என்று வாங்கியவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். உலகத்தில் எதற்கும் ஒரு ஆள் இருக்கிறார் ஸார். அவருக்கு நம் விலாசம் தெரியாது. அதுதான் பிரச்னை.

விற்பதற்கு முன்னால் ஒரு வாரம் மற்றவர்கள் எப்படி விற்கிறார்கள் என்று பார்த்தேன். ‘சூப்பர் கண்டிஷன்!!! அரிய வாய்ப்பு!!!’ என்று மூணு ஆச்சரியக்குறி போட்ட சாமான்களை ஈ கூட மொய்க்கவில்லை. ‘இடது ஓரத்தில் கீறல் உண்டு, படம் 3 பார்க்கவும்’ என்று எழுதியவை பறந்தன.

பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இது பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு மைக்ரோமீட்டரையும் ஸ்லிப் கேஜில் வைத்துப் பார்ப்பார். பிறகு டாக்டர் கேஸ் ஷீட் சொல்கிற மாதிரி ஆரம்பிப்பார்.

“எழுது. பத்து மில்லிமீட்டர்கிட்ட ஸ்க்ரூ லேசா டைட்டா இருக்கு. இருபதுல நூத்துல ஒரு மில்லிமீட்டர் கூடக் காட்டுது.”

“இதெல்லாம் எழுதினா யார் வாங்குவாங்க பெரியப்பா?”

“எழுதலேன்னா எவன் நம்புவான்?”

எழுதினேன். நண்பனின் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி விரித்துப் படம் எடுத்தோம். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு. சைஸ் தெரிய வேண்டுமே!

அடுத்த கேள்வி, ஆரம்ப விலை. மைக்ரோமீட்டர் தேடுகிறவர்கள் நிறைய. அதற்கு 99 ரூபாய் என்று போட்டேன். பெரியப்பாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. “தொண்ணூத்தொம்பதுக்கே போயிட்டா?” நியாயமான பயம். ஆனால் விலை கம்மியாகத் தெரிந்தால் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். பத்துப் பேரில் ரெண்டு பேர் நிஜமாகவே வேண்டியவர்களாக இருந்தால் போதும். ஸ்லிப் கேஜ் கதை வேறு. அதைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரே ஆள் வந்தால் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். அதனால் எதற்குக் கீழே கொடுக்க மனசு வராதோ, அந்த 3,000 ரூபாயிலேயே ஆரம்பித்தோம். ஆள் நிறைய உள்ள சாமானுக்குக் குறைந்த விலையில் ஆரம்பம். ஆள் குறைந்த சாமானுக்குக் கட்டுப்படியாகிற விலையில் ஆரம்பம். இந்தச் சூத்திரம் இன்றைக்கும் செல்லும்.

முடிகிற நேரமும் முக்கியம். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு முடிந்தால் வாங்குகிறவர் மேனேஜர் ரூமில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி என்று வைத்தோம்.

முதல் மைக்ரோமீட்டருக்கு நாலு நாள் வரைக்கும் 240 ரூபாய். பெரியப்பா தினமும், “என்ன ஆச்சு?” “240.” “நேத்தும் அதானே சொன்னே?” கடைசி நாள், கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் கச்சேரி. 500... 725... 900... முடிவில் 1,150 ரூபாய். எடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவர் 2,000 வரை போகத் தயார் என்று சைட்டில் ரகசியமாகச் சொல்லி வைக்கலாம். அதற்காக அவரிடம் 2,000 பிடுங்க மாட்டார்கள். ரெண்டாவது ஆள் 1,125-ல் நின்றுவிட்டால், அதற்கு மேல் ஒரே ஒரு படி, 1,150-க்கு முதல் ஆளுக்குக் கிடைத்துவிடும். ஜெயித்தவர் பணம் கட்டுகிறார். ஆனால் விலையை வைத்தவர் தோற்றவர்! ரெண்டாவது விலைக்கு ஜெயித்தவரிடம் கொடுக்கிற இந்த முறையை வில்லியம் விக்ரி என்ற பொருளாதார நிபுணர் 1961-லேயே அலசி எழுதினார். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். பாவம், மூன்றே நாளில் இறந்துபோனார். 2020-லும் ஏலத்தை ஆராய்ந்த மில்க்ரோம், வில்சன் இருவருக்கும் நோபல் கிடைத்தது. நம்ம ஆபீஸ் சீட்டுக்காரருக்குத்தான் இன்னும் யாரும் கொடுக்கவில்லை.

தோற்ற ஆளை மறக்கக் கூடாது. பெரியப்பாவிடம் ஆறு மைக்ரோமீட்டர் இருந்தன. 1,125 வரை வந்து தோற்றவருக்கு, அவர் கேட்ட விலைக்கே இன்னொன்றைத் தருகிறோம் என்று அந்த சைட்டிலேயே சொல்ல வசதி இருந்தது. சொன்னோம். உடனே ஓகே என்றார். விலாசம் வந்தது. படித்துவிட்டுப் பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அம்பத்தூர் எஸ்டேட். நம் பட்டறையிலிருந்து மூணாவது தெரு!

“இவரா! பத்து வருஷமா ஒரே கடைல டீ குடிக்கறோம்டா!”

நடந்தே போய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் விதி அப்படியில்லை. வாங்கியவர் கட்டுகிற பணத்தை சைட்டே பிடித்து வைத்துக்கொள்ளும். கூரியர் ரசீது நம்பரைக் கொடுத்து, சாமான் போய்ச் சேர்ந்தால்தான் நமக்கு வரும். அதனால் அந்த மைக்ரோமீட்டர் அம்பத்தூரில் கிளம்பி, சிட்டிக்குள் போய் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் அம்பத்தூருக்கே திரும்பி வந்தது. பத்து வருஷம் டீக்கடையில் கிடைக்காத அறிமுகத்துக்கு அந்தச் செலவு தகும்.

ஸ்லிப் கேஜில் 87 கட்டைகளில் ரெண்டு இல்லை. எந்த ரெண்டு என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னார் பெரியப்பா. ராஜ்கோட்காரர் ஒருவரும் புனேக்காரர் ஒருவரும் மோதிக்கொண்டார்கள். 7,850-ல் நின்றது. முப்பத்து நாலு ரூபாய் சாமான்!

மூணு மாசம் ஓடியது. பாரமான சக், வைஸ் எல்லாம் லாரி சர்வீஸில் டு-பே போட்டு அனுப்பினோம். மொத்தம் விற்றது 31,600. கமிஷன், கூரியர், பபிள் ஷீட் போக 28,150 கையில் நின்றது. தேவைக்கு மேல் 900 ரூபாய்.

கடைசியில் அலமாரியில் ஒரே ஒரு வெர்னியர் பாக்கி. பழசு. டர்னர் அண்ணன் 19 வருஷம் கையில் வைத்திருந்தது. கட்டை விரல் படுகிற இடம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். “இதையும் போட்டுடலாமா? எழுநூறு வரும்” என்றேன்.

“அதுக்கு ரெண்டாவது ஆள் கிடையாதுடா” என்றார் பெரியப்பா. பணக் கவரோடு சேர்த்து அதையும் டர்னர் அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் கவரைப் பிரிக்காமல் பைக்குள் வைத்தார். வெர்னியரைத் திறந்து, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று ஒரு முறை பார்த்தார். பிறகு பேசாமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அந்த 900 ரூபாயில் எல்லாருமாக ஹோட்டலில் சாப்பிட்டோம். என் கமிஷன், ஒரு எக்ஸ்ட்ரா ஸ்வீட்.

இந்தியாவில் அந்த ஈபே சைட் 2018-ல் மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டுக்கு விற்பவர்கள் மட்டும் ஈபேயின் வெளிநாட்டு சைட்டுகளில் இப்போதும் விற்கிறார்கள். ரயில்வே கழிவு இரும்பும் அரசு நிறுவனங்களின் பழைய சாமான்களும் கூட இன்று கம்ப்யூட்டர் ஏலத்தில்தான் போகின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு ஓ.எல்.எக்ஸ். மாதிரி இடங்கள் இருக்கின்றன. அங்கே ஏலம் இல்லை, பேரம். போட்டோ போட்ட ரெண்டாவது நிமிஷம், “லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க ப்ரோ” என்று ஒருத்தர் வருவார். ஒரே ஆள். காயலான் கடைக்காரரின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படாதீர்கள். குறையை எழுதுங்கள், வெளிச்சத்தில் படம் எடுங்கள், இன்னொருத்தர் வருகிற வரை பொறுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். “பணம் அனுப்பறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேண்டும். வாங்க வேண்டாம். அந்த மாதிரி ஆசாமிக்கு மட்டும் நீங்கள் ரெண்டாவது ஆளாக ஆகிவிடாதீர்கள். முதல் ஆள் எங்கேயோ ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பார்.