பாடு இல்லாத இரவு

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருக்கும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். ஒப்புக்கொண்ட பத்தாவது நாள் ஒரு பெரிய காகிதக் கட்டு வந்து சேர்ந்தது. என் மனைவி அதைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "இத்தனையையும் படித்துத்தான் பரிசு கொடுப்பீர்களா?" என்று கேட்டாள்.

"படிக்காமல் எப்படிக் கொடுக்க முடியும்?"

"உங்களுக்கு ஒரு தடவை கொடுத்தார்களே, அதனால் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பரிசைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். காரணத்தை அவளிடம்கூட நான் சொன்னதில்லை. வாசக அன்பர்களிடம் இப்போது சொல்லிவிடுகிறேன்.

நான் மீஞ்சூர்க்காரன். ஊர்ப் பெயரில் மீன் இருக்கிறதே தவிர, எங்களுக்கும் மீனுக்கும் உள்ள சம்பந்தம் சந்தையோடு சரி. ரயில்வே கேட்டும், வடகாஞ்சி என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டு கோயில்களும், அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியுமாக வளர்ந்தவன். பொன்னேரிக் கல்லூரியில் சேர்ந்தபோது (முடித்தேனா என்று யாரும் கேட்கவேண்டாம்) பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவன் பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். அவன் தகப்பனார் ஏரியில் பாடு வலைக்காரர். தாயார் கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்றவர். இருவருக்கும் கதைப் பைத்தியம் பிடித்திருந்தது. அது தெரிந்த அன்றே சிநேகிதர்களாகிவிட்டோம். மறுநாளே போட்டியாளர்களும் ஆகிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பழவேற்காட்டுக்குப் போய்விடுவேன். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறதல்லவா? 1613-ல் கெல்டிரியா என்று கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்தவர்கள், செதுக்கு வேலை மிகுந்த கற்களின் கீழே தூங்குகிறார்கள். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் வடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சுவர் நிழலில் உட்கார்ந்துதான் எங்கள் கதைகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினோம். எவ்வளவு சோகமான கதையைப் படித்தாலும் அந்த இரண்டு பேரும் சிரித்தபடியே இருப்பார்கள்.

இப்படி எழுதுகிறவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்துகொள்வது தமிழ்நாட்டில் புதிதல்ல. கு.ப.ரா.வையும் ந. பிச்சமூர்த்தியையும் கும்பகோணம் இரட்டையர் என்றே சொன்னார்கள். இடைசெவல் என்ற ஒரே சின்னக் கிராமத்தில் ஏறக்குறைய ஒரே வயதில் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் விளையாடித் திரிந்தார்கள். ஒருவர் சீக்கிரம் எழுதிப் புகழ் பெற்றார். மற்றவர் நிதானமாக, முப்பது வயதுக்கு மேல்தான் எழுத வந்தார். 1970-ல் அழகிரிசாமி காலமானார். அந்த ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு அவருடைய 'அன்பளிப்பு'க்குக் கிடைத்தது. 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக அதே பரிசு கி.ரா.வுக்கும் வந்தது. நண்பருக்கு அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் இலக்கணப் புத்தகத்துக்கு முன்னால் அதைப் படிக்கலாம்.

பக்கத்தில் சிநேகிதன் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி செய்தவர்கள் உண்டு. 1950-ல் மலாயாவில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்று ஒன்று நடத்தினார்கள். தோட்டத்திலும் பட்டணத்திலும் வேலை பார்த்த இளைஞர்கள் கதை எழுதி அனுப்ப, வாத்தியார் மாதிரி குறை நிறை சொல்லித் திருத்தினார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையே அந்த வகுப்பைத் தன் பள்ளிக்கூடமாகச் சொல்லும். பரிசு கொடுப்பதைவிட இது சிரமமான காரியம். பரிசுக்குப் பணம் இருந்தால் போதும். திருத்துவதற்கு அடுத்தவன் கதை நன்றாக வரவேண்டும் என்ற எண்ணம் வேண்டும். என் கதையில் இடறல் வந்த இடமும் அதுதான்.

1999-ல் ஒரு வாரப் பத்திரிகை சிறுகதைப் போட்டி அறிவித்தது. அப்போதெல்லாம் போட்டி என்றால் எங்கள் கண் முன் நிற்பது 'முள்ளும் மலரும்'தான். 1966-ல் கல்கி வெள்ளி விழா நாவல் போட்டியில் உமாசந்திரனுக்கு முதல் பரிசு வாங்கித் தந்து, 1978-ல் சினிமாவாகவும் வந்து, ஊரெல்லாம் பேசப்பட்ட கதை. எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று நாங்கள் நம்பியதில் தப்பென்ன? இருவரும் எழுதினோம். அனுப்புவதற்கு முன் ஒருவர் கதையை ஒருவர் பார்த்துக் குறை சொல்வதென்று ஒப்பந்தம்.

என் கதாநாயகன் ஒரு மீனவன். ஏழை. குழந்தைக்குக் காய்ச்சல். மருந்துக்குக் காசில்லாமல் நடு இரவில் ஏரிக்குப் போய் வலை போடுகிறான். நிலா, அலை, கண்ணீர் எல்லாம் தாராளமாகப் போட்டிருந்தேன். அவன் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா, உங்க ஆளுக்கு அன்னிக்குப் பாடு இருக்குதா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் பாடு முறையை அவன் எனக்கு விளக்கினான். ஏரியில் மீன்வரத்துள்ள இடங்களில் யார் வேண்டுமானாலும், என்று வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. பாட்டு உரிமை உள்ள தலைக்கட்டுகளுக்கு முறை வைத்து இடத்தையும் நாளையும் பிரித்துக் கொடுப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். இன்று இறால் கொட்டுகிற இடம் கிடைத்தவனுக்கு நாளை வெறும் தண்ணீர் கிடைக்கலாம். நல்ல இடம் ஒரே ஆளிடம் தங்கிவிடக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. முறை தவறி வலை போட்டவனை ஊர் கூட்டி நிறுத்திக் கேட்பார்கள், அபராதம் போடுவார்கள்.

"பாடு இல்லாத ராத்திரி போனான்னா அவன் திருட்டுப் பய ஆயிடுவான்டா" என்றான் அவன். "அதை எழுது."

வீட்டுக்கு வந்து கதையைத் தலைகீழாக மாற்றினேன். நிலா போயிற்று, அலை போயிற்று. வேறொருவன் முறையில் வலை போட்ட மனிதன், மறுநாள் அந்த வேறொருவன் முகத்தை எப்படிப் பார்ப்பான் என்பதே கதையாகிவிட்டது. மூன்றாம் பரிசு, ஐந்நூறு ரூபாய், அந்தக் கதைக்குத்தான் கிடைத்தது.

அவன் கதை அவன் தாயாரைப் பற்றியது. மீன் கூடையோடு பஸ் ஏறுகிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருகிறார்கள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. கடைசி இரண்டு பக்கம், வீட்டுக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணுகிறாள். எண்ணுகிறபோது தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். அன்றைக்குப் பஸ்ஸில் பேசாததையெல்லாம் அந்தக் காசுகளிடம் பேசுகிறாள். அப்படியே குப்பத்துப் பேச்சு.

அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தும் நான் என்ன சொன்னேன்? "கடைசி இரண்டு பக்கம் நீளம். எடுத்துவிடு. பேச்சைக் கொஞ்சம் பொதுத் தமிழாக்கு; நடுவர்களுக்குப் புரியாது. தலைப்பும் மந்தம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ சொன்னா சரி" என்றான் அவன். பிறகு, எடுத்துவிட்டதாகவும் சொன்னான். பரிசுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

பொறாமையில் சொன்னேனா, தெரியாமல் சொன்னேனா? இருபது வயதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அவன் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போனான். கதைகள் குறைந்து நின்றுபோயின. நான் நாவலாசிரியன் ஆனேன். 2004-ல் சுனாமி வந்தபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்புறம் கல்யாணம், சாவு என்று போனதோடு சரி. அவனுடைய கதை நோட்டு மட்டும் என் டிரங்குப் பெட்டியிலேயே தங்கிவிட்டது. நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

இந்தப் போட்டிக் கட்டில் ஒரு கதை இருந்தது. நல்ல கதை, ஆனால் பாத்திரங்கள் பேசுகிற இடமெல்லாம் யாரோ இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்தாற்போல் இருந்தது. எந்தச் சிநேகிதன் கைவரிசையோ என்று நினைத்தேன். அன்று இரவு பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துப் படித்தேன். அந்த இரண்டு பக்கத்துக்கு ஈடாக நான் இதுவரை ஒன்றும் எழுதவில்லை.

மறு வாரம் நோட்டையும், துணைக்கு என் புதிய நாவலின் கையெழுத்துப் பிரதியையும் எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனேன். அவன் தாயார் இப்போது இல்லை. "வா தம்பி, மீன் துன்னுறியா?" என்று கேட்கும் குரல் இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைவது கஷ்டமாக இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டான். பிறகு சிரித்தான்.

"நான் எங்கடா எடுத்தேன்? எல்லாத்தையும் அப்படியே தான் அனுப்பினேன்."

"எடுத்துவிட்டேன் என்று சொன்னாயே!"

"நீ அவ்ளோ ஆசையாச் சொன்ன. மனசு கஷ்டப்படுமேன்னு சொன்னேன். உன் பேச்சைக் கேட்டுத் தலைப்பை மட்டும் மாத்தினேன். அதனாலதான் தோத்துச்சோ, இன்னாவோ!"

இருபத்தைந்து வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்த பாவம் இப்படிப் பொசுக்கென்று போயிற்று. நிம்மதி வரவேண்டும் அல்லவா? வெட்கம்தான் வந்தது. என் ஒரு வார்த்தையில் ஒருவன் எழுத்தே பாழாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேனே, அந்த அகம்பாவத்தை என்ன சொல்வது? அதோடு, அவன் கெடுக்காமல் அனுப்பிய கதையும்தான் தோற்றிருக்கிறது. படித்தவர்களுக்கு அது ஏன் படவில்லை? இப்போது நானே ஒரு கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எது படாமல் போகிறதோ!

"அப்போ அந்த ஐந்நூறுல பாதி என்னோடது, நினைப்பிருக்குதா?" என்றான்.

பையிலிருந்து பணத்தை எடுத்தேன். கூச்சப்படாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நோட்டையும் வைத்துக்கொண்டான். உள்ளே போய்ப் பென்சிலும் மூக்குக் கண்ணாடியுமாக வந்து, என் நாவலை மடியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தான். முகத்துவாரப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நான் பழைய பழக்கத்தில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழாம் பக்கத்தில் நிறுத்தினான்.

"ஆடி மாசத்துல கூட்டங்கூட்டமாப் பூநாரையை எங்கேர்ந்துடா புடிச்சாந்த? அதுங்க பனிக்காலத்துல இல்ல வரும்?"

நான் பென்சிலைப் பிடுங்கி அந்தப் பத்தியின் மேல் கோடு போடப் போனேன்.

"அதை ஏன்டா அடிக்கிற?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். "மாசத்தை மாத்து."