நின்று தாங்கியவர்கள்

புலம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கள் கதையைப் பெரும்பாலும் கப்பலேறியதில் தொடங்கி, சொந்த வீடு வாங்கியதில் முடிக்கின்றன. நடுவில் யார் கைவிட்டுப் போனார், யார் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார் என்பது பேச்சில் வராது. நியூயார்க்கில் வந்து குடியேறிய எனக்கு, அந்த நடுப்பகுதிதான் உண்மையான சொத்து என்று புரியவைத்தவை யூதக் குடும்பங்களின் கதைகள்.

1880களிலிருந்து 1924இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை இறுக்கும்வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ இருபது லட்சம் யூதர்கள் அந்த நாட்டுக்கு வந்தார்கள். ரஷ்யப் பேரரசில் நடந்த கலவரங்களும் வறுமையும் அவர்களைத் துரத்தின. பெருந்தொகையினர் முதலில் ஒண்டிய இடம் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு. அங்கே ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண்ணில், 1863இல் கட்டிய வாடகைக் குடியிருப்பு இன்று டெனமென்ட் மியூசியமாக இருக்கிறது. ஒரு வீடு 325 சதுர அடி. மூன்று அறைகளில் ஒன்றுக்குத்தான் வெளியே பார்த்த ஜன்னல்.

அந்தப் பெரிய அலைக்கு முன்பே பிரஷ்யாவிலிருந்து வந்து இந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர் நத்தாலி கம்பெர்ட்ஸ். அமெரிக்காவில் தொழில்கள் சரிந்து கிடந்த 1874இல், அவர் கணவர் ஜூலியஸ் ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நத்தாலி வீட்டிலேயே துணி தைத்துப் பிழைத்தார். 1883இல் மாமனாரின் சொத்தில் 600 டாலர் வரவேண்டியிருந்தது. அதைப் பெற, கணவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்க வேண்டியிருந்தது, அறிவித்தது. மியூசியத்தில் அந்த வீட்டின் ஜன்னல் அறையில் ஒரு தையல் இயந்திரம் இருக்கிறது. வெளிச்சம் விழும் ஒரே இடத்தை அவர் தொழிலுக்குக் கொடுத்திருந்தார். அதன் எதிரில் நின்றபோது எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் சீமை. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனுக்குப் பிழைக்கப் போனார். 1942இல் ஜப்பான்காரன் வந்த சண்டையில் தகவலில்லாமல் போய்விட்டார் என்றே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பத்தா நெல் அவித்து, குத்தி, அரிசி விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கினார். கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. காத்திருக்கிறார் என்று நினைத்தோம்.

மியூசியத்திலிருந்து திரும்பிய அன்று இரவு ஊரிலிருந்த அத்தையிடம் போனில் கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “சண்டை முடிஞ்சு ரெண்டு கடுதாசி வந்துச்சுத்தா. அங்கயே ஒரு குடும்பம் ஆயிப்போச்சாம். அப்பத்தா படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, ரெண்டையும் அடுப்புல போட்டுருச்சு. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னுருச்சு.”

எனக்குக் கோபம் வரவில்லை. மானம் காக்க ஒரு பெண் தனியாகச் சுமந்த பாரத்தின் கனம் தெரிந்தது.

லோயர் ஈஸ்ட் சைடில் இந்தத் துயரம் வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. கணவன் மணவிலக்குப் பத்திரம் தராதவரை யூத மதச் சட்டப்படி மனைவி மறுமணம் செய்ய முடியாது. ஓடிப்போனவனைத் தேடுவது அவளுக்குச் சோற்றுப் பிரச்சினை மட்டுமல்ல, வாழ்க்கைப் பிரச்சினை. இதற்கென்றே 1911இல் ஓர் அமைப்பு உருவானது. ஆப்ரகாம் கஹான் ஆசிரியராக இருந்த ‘ஃபார்வர்ட்ஸ்’ என்ற யிட்டிஷ் நாளிதழ், காணாமல்போன கணவர்களின் படங்களை வரிசையாக அச்சிட்டது. ஒரு சமூகம் தன் அவமானத்தைத் தன் பத்திரிகையிலேயே போட்டு, அந்தப் பெண்களுக்காக ஆள் தேடியது. இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதே கட்டடத்தில் பின்னாளில் வாழ்ந்த ஃபேனி ரோகர்ஷெவ்ஸ்கியின் கணவர் ஓடவில்லை. காசநோயில் 1918இல் இறந்தார். ஃபேனி அந்தக் கட்டடத்தையே கூட்டிப் பராமரிக்கும் வேலையை ஏற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறைகள் தலைநிமிர்ந்தது கப்பல் ஏறியதால் மட்டுமல்ல, இவர்கள் நின்று தாங்கியதாலும்தான்.

நத்தாலியின் கதை பிழைத்ததற்கு நீதிமன்றக் காகிதம் உதவியது. எங்கள் வீட்டில் இருந்த காகிதம் அடுப்பில் போய்விட்டது. இருந்தது அத்தையின் வாய் மட்டுமே. அவரிடம் கேட்டதையெல்லாம் நான் எழுதி வைத்தேன். என் மகளிடம் சொல்லும்போது ஐயாவைத் திட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அரிசி விற்ற கணக்கையும் அடுப்பில் போன கடிதங்களையும் சேர்த்தே சொன்னேன். பெரியவர்களிடம் ஊரையும் வருஷத்தையும் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த வருஷங்களில் அடுப்பு எரிந்தது யாருடைய உழைப்பில் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.