கொய்யாக் கட்டையும் கொஞ்சம் வெளிச்சமும்

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுப் பொறியியல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது, கட்டுரை என்றால் எதைப் பற்றி என்று முழித்தேன். "வீட்ல மீன் தொட்டி வெச்சிருக்கியே, அதை எழுதேன்டா" என்றான் பக்கத்து பெஞ்சு நண்பன். கிண்டலுக்குத்தான் சொன்னான். யோசித்துப் பார்த்தால், இந்த மூன்று வருடத்தில் லேபுக்கு வெளியே நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் என் முட்டாள்தனம்தான் இதில் இருக்கிறது.

எங்கள் வீடு வில்லிவாக்கத்தில் ஓர் ஒற்றை அறை. ஜன்னல் உண்டு. திறந்தால் கை எட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். உச்சி வெயிலிலும் லைட் போட்டால்தான் சோற்றில் கல் தெரியும். அப்பா மரவாடியில் வேலை செய்கிறார். அம்மா மூன்று வீடுகளில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் பூ கட்டி விற்கிறார். பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

அம்மா வேலை செய்யும் வீட்டில், ஒழுகுகிறது என்று தூக்கிப் போட இருந்த கண்ணாடித் தொட்டியை எனக்காகக் கேட்டு வாங்கி வந்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பழைய சிலிக்கானைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி, இரண்டு நாள் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒழுகவில்லை. இரண்டு கன அடி என்றால் சுமார் 56 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டும் 56 கிலோ! கணக்குப் போட்ட பிறகுதான் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவிட்டுச் செங்கல் அடுக்கிப் பலகை போட்டேன்.

மீனுக்குக் கவலை இல்லை. பக்கத்திலேயே கொளத்தூர். வண்ணமீன் வளர்த்து விற்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் அங்கே எத்தனையோ. சைக்கிளில் போய் கப்பி மீன் வாங்கி வந்துவிட்டேன். ஆனால் வெறும் தண்ணீரில் மீன் சுற்றுவது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. கடைகளில் பச்சைக் கம்பளம் விரித்தது போல் செடி வளர்த்து வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டும், உரம் வேண்டும். நமக்கு அது கட்டுப்படியாகுமா?

கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "தம்பி, வீட்ல வெளிச்சம் எப்படி?" என்று கேட்டுவிட்டு இரண்டு செடி எடுத்துக் காட்டினார். ஒன்று அனுபியாஸ் நானா. வெற்றிலையைச் சின்னதாக்கித் தடிப்பாக்கினது மாதிரி கரும்பச்சை இலை. இன்னொன்று ஜாவா ஃபெர்ன், பெரணி வகை. நீட்டு நீட்டாக இலை. "ரெண்டும் சாகாது தம்பி. இருட்டு ரூம்லயும் கெடக்கும்." விலை இரண்டும் சேர்த்து நானூறு ரூபாய்.

இங்கேதான் என் முதல் தப்பு. 2025 பிப்ரவரி அது. என் சட்டைப்பையில் இருந்தது பரீட்சைக் கட்டணத்துக்கு அம்மா கொடுத்த பணம். அரியர் இரண்டு வேறு. கட்டுவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே, கேட்டரிங் வேலைக்கு இரண்டு ஞாயிறு போனால் சம்பாதித்துவிடலாம் என்று வாங்கிவிட்டேன். எப்படி நட வேண்டும் என்று அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் வேறு ஆள் வர, "எனக்குத் தெரியும்ணா" என்று கிளம்பிவிட்டேன்.

என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் படித்தது தெரியும். இரண்டு செடிக்கும் இலைக்குக் கீழே இஞ்சி போலப் படுத்த வாக்கில் ஒரு தண்டு இருந்தது. மட்ட நிலத்தண்டு! இஞ்சி, மஞ்சள் இதற்கு எடுத்துக்காட்டுகள், மண்ணுக்கடியில் வளரும் என்று எழுதி மார்க் வாங்கியவன் நான். அதனால் மணலைத் தோண்டித் தண்டு முழுவதையும் நன்றாகப் புதைத்து அமுக்கிவிட்டேன். படித்த திமிர் என்று இப்போது தோன்றுகிறது.

பத்து நாளில் அனுபியாஸ் இலை ஒன்று மஞ்சளாகி மிதந்தது. பிறகு இரண்டு. செடிக்குப் பசி என்று நினைத்து இன்னும் மணல் போட்டு மூடினேன். மூன்றாவது வாரம் பிடுங்கிப் பார்த்தால் தண்டு பழுப்பு நிறக் கூழ். நாற்றம் சாக்கடை மாதிரி. கேட்டரிங் வேலையும் ஒரு ஞாயிறுதான் கிடைத்தது. அந்தக் காசு போக்குவரத்துக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் போய்விட்டது. கட்டணம் கட்டக் கடைசி நாள் மறுநாள்.

கடைக்கு ஓடினேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "மண்ணுல பொதைச்சியா? வேரை வேணா மண்ணுல விடலாம், தண்டு மூடக் கூடாது தம்பி. மூடினா அழுவிப் போயிடும். இதெல்லாம் காட்டு ஓடையில பாறை மேல, மர வேர் மேல தொத்திக்கிட்டு வளர்ற ஜாதி. கட்டையில கட்டி விடணும்." பிளேடு எடுத்து அழுகலை நறுக்கிக்கொண்டே போனார். உள்ளே பச்சையாக, கெட்டியாக இரண்டங்குலத் துண்டு மிஞ்சியது. மூன்று இலை. ஃபெர்னில் பாதி தேறியது.

அனுபியாஸின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா, கேமரூன் பக்கத்துக் காடுகள். நம் சேப்பங்கிழங்குக் குடும்பம்தான். மர நிழலிலேயே வளர்வதால், எகிப்தியர்கள் இறந்தவர் உலகத்துக்கு உரியவனாக வணங்கிய அனுபிஸ் என்ற தெய்வத்தின் பெயரை இதற்கு வைத்தார்களாம். தாவர இயலில் அந்தப் பெயர் 1857-ல் வந்தது. ஜாவா ஃபெர்ன் நம் ஆசியாவைச் சேர்ந்தது. இவற்றுக்கு இஞ்சியின் கதையே பொருந்தாது என்று எந்தப் புத்தகத்தில் எனக்குச் சொன்னார்கள்? சரி, சொன்னவர் பேச்சையும்தான் நான் கேட்கவில்லையே.

அன்று இரவு அப்பா வந்ததும் சொல்லிவிட்டேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டார். நானூறு ரூபாய் என்றால் அம்மாவுக்கு எத்தனை முழம் பூ என்று எனக்குத் தெரியும். அடி விழும் என்று நின்றேன். அப்பா, "செடி எங்க?" என்றார். துண்டை வாங்கி மோந்து பார்த்தார். "ஈரத்துல காத்து படாம மூடி வெச்சா மரமே இப்படித்தான் போவும். இனிமே என்ன பண்ணணுமாம்?"

"மரக்கட்டை மேல கட்டணுமாம்பா. கடையில ட்ரிஃப்ட்வுட்னு கிலோ கணக்குல விக்கிறாங்க."

"விறகை எடை போட்டுக் காசு குடுத்து வாங்குறானுங்களா!" அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

காலையில் மரவாடி முதலாளியிடம் முன்பணம் வாங்கி வந்து என் கையில் வைத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வேலைக்குப் போனார்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு அப்பா என்னிடம் பேசுவது ரொம்பக் குறைந்துவிட்டது. நான் புத்தகத்தைத் திறந்தால் டி.வி.யை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். என்ன படிக்கிறாய் என்று கேட்க மாட்டார். கேட்டால் தனக்குப் புரியாது என்று அவருக்கு எண்ணம். சொன்னால் அவருக்குப் புரியாது என்று எனக்கு எண்ணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே, "வா, கட்டை பார்க்கலாம்" என்றார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருக்கோடி வீட்டுக் கொய்யா மரம் வேரோடு சாய்ந்தது. கிளையை எல்லாம் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். வேர்க்கட்டை மட்டும் வெயிலில் கிடந்தது. அதைப் புரட்டிப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார் அப்பா. இவ்வளவு பேசுவார் என்றே எனக்குத் தெரியாது! பச்சை மரம் ஆகாது, சாறு இறங்கும். பால் வடிகிற மரம் ஆகாது. வேம்பு கூடவே கூடாது, அதன் கசப்பு மீனுக்கு ஆகாது. பெயிண்ட், வார்னிஷ் பட்ட கட்டை வேண்டாம். வெளியே இருப்பது வெளிறு, அது தண்ணீரில் சொதசொதவென்று போகும். உள்ளே வைரம் பாய்ந்த பாகம்தான் நிற்கும். கட்டையை நகத்தால் கீறச் சொன்னார். நகம் இறங்கினால் வெளிறு, இறங்காவிட்டால் வைரம். எங்கள் மெட்டீரியல் டெஸ்டிங் பாடத்தில் கடினத்தன்மைச் சோதனையும் இதே தத்துவம்தான் என்று நான் சொன்னேன். அதில் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். எஃகு உருண்டையை அமுக்கி, விழுகிற பள்ளத்தை அளப்போம் என்றேன். "பரவாயில்லையே" என்றார்.

உளியால் வெளிறைச் செதுக்கி, வேர் விரல் விரலாகப் பிரியும் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். பிரம்மாதமான துண்டு. கடையில் இருந்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

அதை வேகவைக்க வேண்டும் என்றபோதுதான் அம்மா சண்டைக்கு வந்தார். பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் பெரிய பாத்திரம்! கடைசியில் பழைய வெந்நீர்த் தவலையைக் கொடுத்தார். தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் இறங்கியது. மரத்தில் உள்ள டானின்தான் அது. மீனைக் கொல்லாது, தொட்டிதான் கலங்கலாகத் தெரியும். மூன்று முறை வேகவைத்து, பிறகு டிரம்மில் ஒரு மாதம் ஊறவைத்தேன். அதுவரை செடித் துண்டுகள் தொட்டித் தண்ணீரில் சும்மா மிதந்தன, ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதம் ஊறியும் கட்டை முழுகவில்லை. அப்பா கிரானைட் துண்டில் துளை போட்டு, அடியிலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ முடுக்கினார். இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும்.

செடியைக் கட்டியது அம்மா. நான் நைலான் நரம்பை இறுக்கி இறுக்கிக் கட்ட, தண்டு நசுங்கியது. "தள்ளுடா" என்று பூ கட்டும் நூலை எடுத்து, மல்லிகைக்குப் போடும் அதே சுருக்கில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். வேர் பள்ளத்தில் இறங்க, தண்டு மேலே காற்றாட நிற்க, அவ்வளவு அழகு. ஆறு வாரத்தில் அந்தப் பருத்தி நூல் மக்கியது. ஃபெர்ன் அதற்குள் கட்டையைப் பிடித்துக்கொண்டது. அனுபியாஸ் சோம்பேறி, மிதந்து மேலே வந்துவிட்டது. மறுபடி கட்டினோம். மூன்றாம் மாதம் இழுத்தாலும் வரவில்லை.

அதற்கப்புறமும் பயங்கள் இருந்தன. முதல் வாரம் கட்டை மேல் வெள்ளையாகச் சளி மாதிரி படர்ந்தது. புதுக் கட்டைக்கு வருவதுதான். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தானாக நின்றுவிடும். ஃபெர்ன் இலையின் அடியில் கரும்புள்ளிகள் வந்தபோது நோய் என்று கத்தரிக்கோலையே எடுத்துவிட்டேன். நல்லவேளை, வெட்டவில்லை. அவை வித்துகள். இலை நுனியிலேயே குட்டிச் செடி முளைத்துத் தொங்கியது.

பெரிய தலைவலி பாசிதான். அதற்குக் காரணம் என் படிப்பு! ஒற்றை அறையில் எல்லோரும் தூங்கின பிறகு பெரிய லைட் போட முடியாது. தொட்டியின் மேல் இருக்கும் 10 வாட் எல்.ஈ.டி. வெளிச்சத்தில்தான் நான் படிப்பேன். பகல் முழுக்க மீனுக்காக எரியும், ராத்திரி எனக்காக எரியும். அனுபியாஸ் சரியாகப் போனால் மாதத்துக்கு ஓர் இலை விடும் செடி. ஓர் இலை மாதக்கணக்கில் இருப்பதால் அதிக வெளிச்சத்தில் அதன் மேலேயே பாசி ஏறிவிடும். கறுப்பாக, தாடி மாதிரி. வெளிச்சத்தைக் குறை என்றார் அண்ணன். குறைத்தால் நான் எங்கே படிப்பது? இரண்டு நாள் யோசித்தேன். செடிக்குத் தேவை ஆறேழு மணி நேர வெளிச்சம், அது பகலா இரவா என்று அதற்குக் கவலை இல்லை. பகலில் அணைத்துவிட்டு, மாலை 6 மணி முதல் இரவு 1 மணி வரை எரியவிட்டேன். பாசி பிடித்த இரண்டு இலையை வெட்டினேன், அவ்வளவுதான். செலவும் குறைந்தது. ஒரு நாளைக்கு 70 வாட்-மணி, மாதத்துக்கு 2.1 யூனிட். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். மாதம் பதினேழு ரூபாய்க்குள் எனக்கும் வெளிச்சம், செடிக்கும் வெளிச்சம்.

அந்த ஏப்ரல் பரீட்சையில் அரியர் இரண்டில் கணிதம் போய்விட்டது. மற்றது இன்னும் நிற்கிறது. அதைப் பற்றி ஹெச்.ஓ.டி. சாரிடம் மட்டும் பேசிக்கொள்கிறேன்.

அனுபியாஸில் இப்போது பதினோரு இலை. போன மாதம் தண்ணீருக்குள்ளேயே வெள்ளையாக ஒரு பூ விட்டது. அப்பா வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுமுன் தொட்டிக்கு முன்னால் குனிந்து, "புதுசு வந்திருக்கா?" என்று கேட்கிறார். இலையைத்தான் கேட்கிறார். பிறகு வாசலுக்குப் போவதில்லை. அங்கேயே உட்கார்ந்து, நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று மோட்டாருக்கு ஏன் ஸ்டார்ட்டர் வேண்டும் என்று கேட்டார். மரவாடி அறுப்பு மெஷினை மனதில் வைத்துக் கேட்டார்.

ஃபெர்ன் குட்டிகள் ஆறு கையில் இருக்கின்றன. ஹாஸ்டல் நண்பர்கள் யாருக்கு வேண்டுமானாலும் இலவசம், எங்கள் வகுப்பில் வந்து கேளுங்கள். கட்டை மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும். நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள். வேப்பங்கட்டை வேண்டாம்.