விடியற்காலைப் புகை

கனவில் எனக்குப் புகை மணக்கும். ஆட்களின் முகம் தெரியாது, இடம் கலங்கியிருக்கும். மணம் மட்டும் தொண்டையை அடைக்கும். கனத்த எண்ணெய் எரிகிற மணம். அதற்குப் பிறகுதான் துறைமுகத்துக்கு அப்பால், சீனன்குடாப் பக்கம், கறுப்பாக ஒரு தூண் எழும்பும். கண் விழித்தால் நேரம் நாலரை, ஐந்து. டச்பே பக்கமிருந்து வள்ளங்களின் எஞ்சின் சத்தம் வரும். அரை மணித்தியாலத்துக்குள் இடது கண்ணுக்குப் பின்னால் இடிக்கத் தொடங்கும். சத்தி, வெளிச்சக் கூச்சம், இருட்டறை. அன்றைய பகல் எனக்கில்லை.

பதினாறு வயதில் தொடங்கியது. வீட்டில் யாரும் திடுக்கிடவில்லை. "அம்மம்மாட தலையிடி பிள்ளைக்கு வந்திட்டுது" என்றபடி அம்மா வேர்க்கொம்பை உரைத்து நெற்றியில் பத்துப் போட்டார். புகை மணத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் கை நின்றது. அம்மம்மாவுக்கும் அதே மணம்தான் வருமாம். அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு திகதியே இருந்தது: 1942 ஏப்ரல் 9.

அன்று காலை ஏழு மணி கடந்த நேரம், விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. நான்கு நாட்களுக்கு முன்னர்தான், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்திருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் இதே நாளில். சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டி வைத்திருந்த பெரிய எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று பற்றிக்கொண்டது. ஏழு நாள் எரிந்தது என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளையான அம்மம்மாவை மாட்டுவண்டியில் ஏற்றித் தம்பலகாமத்துக்குக் கொண்டுபோனார்கள். வயல் வரம்பில் நின்று அந்தப் புகையை நாள் முழுக்கப் பார்த்தாராம். "அந்தப் புகைதான் என்ட மண்டைக்குள்ள போய்க் குடியிருந்திட்டுது" என்பது அவருடைய வாய்ச்சொல்.

நான் இதை நம்பினேன். வெகு காலம் நம்பினேன். அவர் கண்ட தீ இரத்தத்தோடு இறங்கி எனக்கு வந்திருக்கிறது என்று நினைத்தபோது, அந்த வலியையே சகிக்க முடிந்தது. இந்தத் துறைமுகத்தின் ஒரு துண்டு என் தலைக்குள் இருப்பதுபோல.

அந்த நம்பிக்கையை அசைத்தவர் கொழும்பில் ஒரு நரம்பியல் மருத்துவர். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இல்லாத மணம் மணப்பது சில வகை வலிப்பிலும், அருமையாக மூளைக் கட்டியிலும் வரக்கூடியது என்பதால் முதலில் இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இரண்டிலும் கோளாறு எதுவுமில்லை. பிறகு ஆறுதலாகப் பேசினார். ஒற்றைத் தலையிடிக்காரரில் மிகச் சிலருக்கு, நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு, வலிக்கு முன்னால் இப்படி மணம் வரும் என்றார். பெரும்பாலும் என்ன மணம் என்று கேட்டேன்.

"எரியிற மணம். கருகிற மணம்."

"எண்ணெய்த் தாங்கி இல்லாத ஊர்க்காரருக்கும்?"

"எல்லா ஊர்க்காரருக்கும்."

திரும்பி வரும் இரவு ரயிலில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மம்மாவின் கதையில் ஒரு கல் பெயர்ந்துவிட்டிருந்தது. மிச்சக் கற்கள் நிற்குமா என்று பார்க்கத்தான் படிக்கத் தொடங்கினேன்.

இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் எல்லோரும் பாதித் தலையையே பார்த்திருக்கிறார்கள். நாங்கள் ஒற்றைத் தலையிடி என்கிறோம். ஆயுர்வேதம் அர்த்தாவபேதகம் என்றது. கிரேக்கர் அரைமண்டை என்ற பொருளில் ஹெமிக்ரேனியா என்றார்கள், அது தேய்ந்து தேய்ந்து மைக்ரேன் ஆனது. எனக்கு வேண்டியிருந்தது வலிக்கு முந்திய கணங்கள். மருத்துவத்தில் அதற்கு 'ஓரா' என்று பெயர். 1941 இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர், தன் பார்வையில் விரிந்துகொண்டே போகும் குருட்டுப் புள்ளியை நேரம் குறித்து வரைந்து பார்த்து, மூளையின் பார்வைப் பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வேகத்தில் நகர்கிறது என்று கணித்தார். 1944 இல் பிரேசில்காரரான அரிஸ்டீடிஸ் லியாவோ, முயல்களின் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஊர்கிற ஓர் அலையைக் கண்டார். நரம்பணுக்கள் ஒருமுறை கொந்தளித்து, பிறகு சிறிது நேரம் அடங்கிப்போகும் அலை. இரண்டும் ஒன்றே என்று பின்னால் வந்தவர்கள் பொருத்தினார்கள். கடற்கரையில் வளர்ந்த எனக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமாக இருக்கவில்லை. அலை பார்வைப் பகுதியில் ஊர்ந்தால் ஒளி தெரியும், தொடு உணர்வின் பகுதியில் ஊர்ந்தால் கை விறைக்கும்.

அம்மாவுக்கு மணம் வருவதில்லை. அவருக்கு ஒளி. "பல்லுப் பல்லா வெளிச்சம் வரும், நடுவில ஒண்டும் தெரியாது" என்பார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோன் பொதர்கில் என்ற ஆங்கில மருத்துவர் அந்த ஒளியின் கோணங்களைக் கோட்டைச் சுவருக்கு ஒப்பிட்டிருக்கிறார். 1870 இல் ஹியூபேர்ட் எயாரி தான் கண்ட ஒளியைப் படமாகவே வரைந்து, நகர மதிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'டைகொப்சியா' என்று பெயரிட்டார். அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் காலை பிரெடரிக் கோட்டைக்கு நடந்தேன். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு கட்டிய கோட்டை. கோவிலுக்குப் போகிற வழி அதனூடாகத்தான். எத்தனை ஆயிரம் தடவை அந்த வாசலைத் தாண்டியிருப்பேன்! கோணம் கோணமாக முன்னே தள்ளி நிற்கும் அந்த மதிலை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். அம்மா சொன்ன பல்லுகள்.

கனவு என்ற பகுதிதான் மிச்சம். தலைமாட்டில் ஒரு கொப்பி வைத்து, இரண்டு வருடம், விழித்ததும் எழுதினேன். வலி வந்த விடியல்களில் பாதிக்கு மேல் புகைக் கனவு இருந்தது. புகை இல்லாத நாட்களிலும் கனவு நல்லதாக இருக்கவில்லை: யாரோடோ சண்டை, யாரோ துரத்துவது. இரவில் வரும் ஒற்றைத் தலையிடிக்கு முந்திய கனவுகளில் கோபமும் அச்சமும் கெடுதியும் மிகுந்திருக்கும் என்று 1996 இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பொதுவாகக் கனவில் மணமோ ருசியோ வருவது அபூர்வம். எழுதி வைக்கப்பட்ட கனவுகளில் நூற்றுக்கு ஒன்று என்றுதான் கணக்கு. 2014 இல் இத்தாலிய மருத்துவர்கள் ஒற்றைத் தலையிடிக்காரரின் கனவுகளைக் கேட்டுப் பார்த்தபோது மணமும் ருசியும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. கனவு காணும் மூளையிலும் அவர்கள் வித்தியாசமானவர்களோ என்று அந்த ஆய்வு கேட்டது.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது நம்மவர் நம்பிக்கை. பழைய கனாநூலும் கடைசி யாமத்துக் கனவே விரைவில் பலிக்கும் என்கிறது. என் கொப்பியைப் புரட்டியபோது அது எனக்குப் புதிதாகப் பட்டது. கண்மணி அசைய அசையக் கனவு விரியும் தூக்கம் இரவின் கடைப்பகுதியில்தான் நீளும். 1970 இல் டெக்ஸ்ரரும் வைற்ஸ்மனும், தூக்கத்தில் எழுப்பும் இந்தத் தலையிடி அந்தக் கட்டத்தோடு சேர்ந்தே வருவதைப் பதிவு செய்தார்கள். அம்மம்மாவின் கனவுகள் அரை மணித்தியாலத்தில் பலித்தன. நெற்றிப்பொட்டில் பலித்தன.

எரிந்த தாங்கியையும் போய்ப் பார்த்தேன். சீனன்குடாக் காட்டுக்குள் உருகி மடிந்த இரும்பாக அதன் மிச்சம் கிடக்கிறது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். துருவும் ஈர இலையும்தான் மணத்தன.

கடைசியாகக் கேட்டதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அம்மம்மாவின் அக்கா அப்போது உயிரோடு இருந்தார். குண்டு விழுந்தபோது அவருக்குப் பதினொரு வயது. காது மந்தம், நினைவு துலக்கம். உவர்மலை வீட்டில் அவர் காலடியில் உட்கார்ந்து, தங்கையின் புகையைப் பற்றிக் கேட்டேன்.

"அவளுக்கு மட்டுமே? எங்கட அம்மாவுக்கும் அப்பிடித்தான். 'என்னவோ கருகுது, அடுப்பைப் பாருங்கோ பிள்ளையள்' எண்டு விடியக் கத்திக்கொண்டு எழும்புவா. போய்ப் பார்த்தா அடுப்புப் பச்சைத் தண்ணியாக் கிடக்கும். பிறகு ரெண்டு நாள் சீலையால தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடப்பா."

"எப்ப, பெரியம்மம்மா? குண்டு போட்ட பிறகோ?"

"அதுக்கு முதலே பிள்ளை. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளையில இருந்து."

திகதி உடைந்தது. தாங்கி எரிவதற்கு முன்பே எங்கள் வீட்டில் புகை மணத்திருக்கிறது. பூட்டிக்கு அது கருகிய அடுப்பு. ஏழு வயதில் வானம் கறுத்ததைக் கண்ட அம்மம்மாவுக்கு அது தாங்கி. வழிவழியாக வந்தது மணம்; அதற்குத் தீயைத் தேடிக் கொடுத்தது அவரவர் வாழ்ந்த காலம். மணம் முதலில் வருகிறது, தூங்குகிற மூளை அதற்கு ஒரு காரணத்தைக் கட்டுகிறது என்றே இப்போது நினைக்கிறேன். என் கொப்பியிலும் வரிசை அதுதான்: முதலில் மணம், பிறகே தூண்.

ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. என் தலைமுறை இந்த ஊரில் தீயை நேரிலேயே கண்டது. 1983 இல் வீடுகள் எரிந்த இரவுகளை நான் மறக்கவில்லை. ஆனால் என் கனவு அவற்றை எடுக்கவில்லை. நான் பிறக்க முந்தி எரிந்த தீயை, அம்மம்மாவின் மடியில் கேட்ட தீயை எடுத்துக்கொண்டது. அந்தக் கதையை அவர் சொல்லும்போது என் தலையைத் தடவிக்கொண்டே சொல்வார். அதனாலாக இருக்கலாம்.

போன மாசிமாதம் ஒரு விடியற்காலை மகள் என் அறைக்கு வந்தாள். பதின்மூன்று வயது. கட்டிலின் விளிம்பில் குந்தி, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கனவில என்னவோ எரிஞ்சது."

"என்ன எரிஞ்சது?"

"தெரியேல்ல. மணம் மட்டும்."

வாயில் வந்த கதையை விழுங்கிக்கொண்டேன். திரைச்சீலையை இழுத்து மூடி, மருத்துவர் சொன்ன அளவில் பனடோலைத் தண்ணீரோடு கொடுத்து, அவளைச் சரித்துப் படுக்க வைத்தேன். வெளியே வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன.